முழு அளவு பிக்கப் டிரக்குகளும் மின்சார வாகனப் போட்டியும்: ஒரு விமர்சனப் பார்வை

முழு அளவு பிக்கப் டிரக் என்பது முன்பக்கம் பயணிகள் அறையும் பின்பக்கம் திறந்த சரக்குத் தொட்டியும் உடைய பெரிய ரக வாகனம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது சரக்கு வண்டியாகவும் குடும்ப வண்டியாகவும் ஓடுகிறது. ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலெட் சில்வராடோ, ஜிஎம்சி சியரா, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா ஆகியவை இச்சந்தையின் முதன்மையான வாகனங்கள். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் வட அமெரிக்க இலாபத்தில் பெரும்பங்கு இவ்வகை வண்டிகளிலிருந்தே வருகிறது.

2020க்குப் பின் இந்நிறுவனங்கள் இதே டிரக்குகளை மின்சாரத்தில் ஓட வைக்க முயன்றன. 2025 முடிவதற்குள் அத்திட்டங்களில் பல கைவிடப்பட்டன அல்லது சுருக்கப்பட்டன. மின்சார வாகனங்களுக்கு மக்களிடம் வரவேற்பு இல்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. பாதுகாக்கப்பட்ட ஒரு சந்தையில் வெற்றி தந்த அளவுகோல்களை, அவை பொருந்தாத இன்னொரு தொழில்நுட்பத்தின் மீது அப்படியே ஏற்றியது இத்தோல்வியின் மறுபாதி.

வரிச் சுவருக்குள் வளர்ந்த சந்தை

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சியின் மீது ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் ஓர் ஆணை வெளியிட்டார். உருளைக்கிழங்கு மாவுப்பொருள், டெக்ஸ்ட்ரின், பிராந்தி ஆகியவற்றுடன் இலகு ரக டிரக்குகளுக்கும் 25 விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த வோக்ஸ்வாகன் டிரக்குகளும் வேன்களும் இதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டன. காலப்போக்கில் மற்ற பொருள்களின் மீதான வரிகள் விலக்கப்பட்டன. டிரக்குகளின் மீதான வரி மட்டும் நிலைத்துவிட்டது. 'கோழி வரி' என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. அதே காலத்தில் பயணிகள் கார்களுக்கு இறக்குமதி வரி 2.5 விழுக்காடு என்ற அளவுக்குக் குறைந்தது.

கார் சந்தையில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களை எதிர்கொண்டு முன்னேறியபோது, முழு அளவு டிரக் சந்தைக்குள் அவற்றால் எளிதில் நுழைய முடியவில்லை. அமெரிக்க மண்ணில் தொழிற்சாலை கட்டினால்தான் போட்டியிட முடியும் என்ற நிலை இருந்தது. டொயோட்டா இந்தியானாவில் டன்ட்ராவைத் தயாரிக்கத் தொடங்கியது 1999 இல்தான். நிசான் 2003 இல் மிசிசிப்பியில் டைட்டன் டிரக்கைத் தயாரிக்கத் தொடங்கி, இருபது ஆண்டுகள் முயன்றும் பெரிய இடம் பிடிக்க முடியாமல் 2024 மாதிரியோடு நிறுத்திக்கொண்டது.

இவ்வரியால் பயனடைந்த ஃபோர்டு நிறுவனமே ஒரு கட்டத்தில் அதைத் தவிர்க்க முயன்றது. துருக்கியிலிருந்து இறக்குமதி செய்த சிறிய சரக்கு வேன்களில் பின் இருக்கைகளைப் பொருத்திப் பயணிகள் வாகனமாகக் காட்டியதாக அரசு குற்றஞ்சாட்டியது. சுங்கம் கடந்ததும் அந்த இருக்கைகள் கழற்றப்பட்டன. இவ்வழக்கு 2024 இல் 36.5 கோடி டாலர் தீர்வுத் தொகையுடன் முடிந்தது. ஒரு நிறுவனம் வரியை நியாயமாகக் கருதுவதும் சுமையாகக் கருதுவதும், அந்தச் சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்ததே என்பதற்கு இது நல்ல சான்று.

எரிபொருள் சிக்கன விதிகளும் பெரிய வண்டிகளுக்குச் சாதகமாக அமைந்தன. டிரக்குகளுக்குக் கார்களைவிடத் தளர்வான தனி இலக்கு உண்டு. மேலும், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவு கூடக் கூட, எட்ட வேண்டிய இலக்கு தளரும் வகையில் விதிகள் மாற்றப்பட்டன. வண்டியைச் சிறிதாக்கிச் சிக்கனம் காட்டுவதற்கான தூண்டுதல் இதனால் குறைந்தது. தொழில் பயன்பாட்டுக்கு வாங்கும் கனரக வண்டிகளுக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது.

எதில் போட்டி, எதில் போட்டி இல்லை

சுவருக்குள் நடந்த போட்டி பொய்யானதன்று. எஃப்-தொடர் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக் வரிசை என்று ஃபோர்டு விளம்பரம் செய்கிறது. சில்வராடோவையும் சியராவையும் கூட்டினால் தாங்களே முதலிடம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் பதில் சொல்கிறது. டாட்ஜ் நிறுவனத்தின் ஒரு வண்டியாக இருந்த ராம் 2009 இல் தனி வணிகப் பெயராகப் பிரிக்கப்பட்டது. 2015 மாதிரி எஃப்-150க்கு ஃபோர்டு அலுமினிய உடல் கொடுத்து எடையைக் கணிசமாகக் குறைத்தது. மறு ஆண்டே செவ்ரோலெட் தன் விளம்பரத்தில் கட்டுமானக் கற்களை அலுமினியத் தொட்டியில் கொட்டி, அது ஓட்டையாவதைக் காட்டியது. தங்கள் எஃகுத் தொட்டி தாங்கும் என்பது அவ்விளம்பரத்தின் வாதம்.

இப்போட்டியின் அளவுகோல்கள் தெளிவானவை: எவ்வளவு எடை இழுக்கும், எவ்வளவு எடை சுமக்கும், எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு பெரியது, உள்ளே எவ்வளவு சொகுசு. இந்த ஐந்திலும் நிறுவனங்கள் ஒன்றையொன்று விடாமல் துரத்தின. வண்டிகள் உண்மையிலேயே மேம்பட்டன.

போட்டி நடக்காத இடம் விலையும் சிறிய அளவும். சிறிய, மலிவான பிக்கப் ஒன்றுக்கு ஆளில்லை என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 2021 இல் ஃபோர்டு மாவரிக் என்ற சிறிய கலப்பின பிக்கப்பை 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் வெளியிட்டது. முதல் ஆண்டுக்கான முன்பதிவு விரைவிலேயே நிரம்பியது. 2024 இல் அதன் அமெரிக்க விற்பனை 1,30,000ஐத் தாண்டியது. தேவை எப்போதும் இருந்தது, அதை நிரப்பும் கட்டாயம்தான் எவருக்கும் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

பெரியதாக்கும் போட்டியின் விலையைச் சாலையில் நடப்பவர்களும் கொடுக்கிறார்கள். பானெட்டின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மோதும்போது, தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்த எண் எந்த டிரக் விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை.

இலாபம் டிரக்கில் இருந்ததால் மற்றவை கைவிடப்பட்டன. வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃபியூஷன், டாரஸ் ஆகிய கார்களைப் படிப்படியாக நிறுத்துவதாக ஃபோர்டு 2018 இல் அறிவித்தது. இம்முடிவின் நிழல் தமிழ்நாட்டிலும் விழுந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட், அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகி வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது நிறுவனம் சொன்ன காரணம். சிறிய வண்டியை மலிவாகச் செய்து இலாபம் பார்க்கும் திறன், டெட்ராய்ட் நிறுவனங்களிடம் மெல்லத் தேய்ந்து வந்ததன் ஓர் அடையாளம் இது.

அதே அளவுகோல், வேறு தொழில்நுட்பம்

இப்புதிய போட்டியில் முதலில் வாடிக்கையாளர் கைக்கு வந்த மின்சார பிக்கப், புதிய நிறுவனமான ரிவியனின் ஆர்1டி (2021 செப்டம்பர்). முழு அளவு டிரக்கைவிட அது சற்றுச் சிறியது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் தயாரிப்பு 2022 ஏப்ரலில் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் ஹம்மர் மின்சார டிரக்கையும் பின்னர் மின்சார சில்வராடோவையும் கொண்டுவந்தது. டெஸ்லாவின் சைபர்டிரக் 2019 இல் அறிமுகமாகி 2023 நவம்பர் இறுதியில் விற்பனைக்கு வந்தது.

இவை அனைத்தும் பழைய போட்டியின் மொழியிலேயே பேசின. ஹம்மரின் முதல் பதிப்பு 1,000 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. அதன் விலை ஓர் இலட்சம் டாலரைத் தாண்டியது. டெட்ராய்ட் மரபுக்கு வெளியே நின்ற டெஸ்லாகூட, 2019 இல் சைபர்டிரக் ஒரு எஃப்-150ஐ மேட்டில் இழுத்துச் செல்லும் காணொளியை வெளியிட்டது. கார் சந்தையின் விதிகளை மாற்றிய நிறுவனம், டிரக் சந்தையில் நுழைந்ததும் அங்கிருந்த விதிகளுக்கே கட்டுப்பட்டது.

லைட்னிங் இவற்றில் ஓரளவு மாறுபட்டது. எஞ்சின் இருந்த இடத்தில் பூட்டக்கூடிய பெரிய பெட்டி, வேலைத்தளத்தில் கருவிகளை இயக்க 9.6 கிலோவாட் வரை மின்சாரம், மின்தடையின்போது வீட்டுக்கே மின்சாரம் தரும் வசதி ஆகியவை இதன் சிறப்புகள். பெட்ரோல் டிரக்கால் இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாத பணிகள் இவை. ஆயினும் 4.5 டன் இழுக்கும் முழு அளவு டிரக் என்ற வடிவத்திலிருந்து ஃபோர்டு விலகவில்லை.

எடையின் கணக்கு

பெட்ரோல் டிரக்கைப் பெரிதாக்கினால் எரிபொருள் செலவு கூடும். தயாரிப்புச் செலவு அதே வீதத்தில் கூடாது. விலையையோ அதைவிட அதிகமாக உயர்த்தலாம். பெரிய பெட்ரோல் டிரக்கின் இலாபம் இந்த இடைவெளியில் இருக்கிறது.

மின்சார வண்டியில் இக்கணக்கு தலைகீழாகிறது. அதில் மிக விலையுயர்ந்த பாகம் பேட்டரி. வண்டி கனமாகவும் காற்றைக் கிழிக்காத பெட்டி வடிவிலும் இருந்தால், அதே தூரம் ஓட அதிக மின்சாரம் வேண்டும். அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரி எடையைக் கூட்டும். கூடிய எடையைச் சுமக்க மேலும் மின்சாரம் வேண்டும்.

டெஸ்லா மாடல் 3 காரின் அடிப்படை வகை ஏறத்தாழ 60 கிலோவாட் மணி பேட்டரியில் 437 கி.மீ. ஓடும் என்று அரசு மதிப்பீடு செய்திருந்தது. லைட்னிங்கின் அடிப்படை வகை 98 கிலோவாட் மணி பேட்டரியில் 370 கி.மீ. ஓடும். ஹம்மரின் பேட்டரி 200 கிலோவாட் மணிக்கு மேல். அவ்வண்டியின் எடை 4 டன்னைத் தாண்டுகிறது. பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. இது ஏறக்குறைய ஒரு ஹோண்டா சிவிக் காரின் எடை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி 2023 ஜனவரியில் சுட்டிக்காட்டினார். ஒரு ஹம்மருக்குத் தேவைப்படும் பேட்டரியைக் கொண்டு மூன்று செவ்ரோலெட் போல்ட் கார்களைச் செய்யலாம்.

இழுவைதான் டிரக்கின் பெருமை. மின்சார டிரக்கின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. உயரமான, கனமான டிரெய்லரை இழுக்கும்போது ஓடும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெட்ரோல் டிரக்கிலும் தூரம் குறையும், ஆனால் சில நிமிடங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம். மின்சார டிரக் ஓட்டுநரோ பல மின்னேற்ற நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி வைத்தால்தான் வண்டியை நிறுத்தவே முடியும். தங்கள் தொழில்நுட்பம் மிகவும் திணறும் ஒரு சோதனையை நிறுவனங்கள் தாங்களாகவே முன்னிறுத்திக்கொண்டன.

விலையும் விற்பனையும்

2021 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது லைட்னிங்கின் தொடக்க விலை 40,000 டாலருக்குக் கீழே இருந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள். 2023 தொடக்கத்தில் அதே அடிப்படை வகையின் விலை 60,000 டாலரை நெருங்கியது. அவ்வாண்டு ஜூலையில் 50,000 டாலர் அளவுக்குக் குறைக்கப்பட்டது. சைபர்டிரக்கும் 39,900 டாலர் என்று அறிவிக்கப்பட்டு, விற்பனைக்கு வந்தபோது மிக உயர்ந்த விலையில்தான் கிடைத்தது. முன்பதிவு செய்தவர்கள் விரும்பியது முதலில் சொன்ன விலையிலான வண்டியை. அவ்வண்டி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மின்சார வாகனத்தின் மீதான வெறுப்பு என்று விளக்குவது சரியாகாது.

2024 இல் அமெரிக்காவில் 33,510 லைட்னிங்குகள் விற்றன. சைபர்டிரக் ஏறத்தாழ 39,000 விற்றதாக மதிப்பிடப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் என்று டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க் பேசியிருந்தார். அதே ஆண்டில் எஃப்-தொடரின் மொத்த விற்பனை ஏழரை இலட்சத்துக்கும் மேல். ஃபோர்டின் மின்சார வாகனப் பிரிவு 2023 இல் 470 கோடி டாலரும் 2024 இல் 510 கோடி டாலரும் நட்டம் காட்டியது. இதில் மற்ற மின்சார வண்டிகளின் நட்டமும் எதிர்கால வடிவமைப்புச் செலவும் அடங்கும். லைட்னிங் தயாரான தொழிற்சாலையில் 2024 ஏப்ரல் முதல் ஒரு பணிமுறை குறைக்கப்பட்டது. சுமார் 1,400 தொழிலாளர்களின் வேலை இதனால் இடம் மாறியது அல்லது முடிந்தது.

ஓரியன் தொழிற்சாலை சொல்லும் கதை

இப்போட்டியின் முழு வரலாற்றையும் மிச்சிகன் மாநிலத்தின் ஓரியன் நகரிலுள்ள ஒரே தொழிற்சாலையில் காணலாம். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கு செவ்ரோலெட் போல்ட் என்ற சிறிய மின்சார காரைத் தயாரித்து வந்தது. பேட்டரி தீப்பிடிக்கும் குறைபாட்டால் 2021 இல் எல்லா போல்ட் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. அதிலிருந்து மீண்டு, 2023 இல் 62,000 என்ற தன் மிகச் சிறந்த விற்பனையை அது எட்டியது. விலையும் 30,000 டாலருக்குக் கீழே இருந்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே தயாரிப்பு நிறுத்தப்பட்டது. காரணம், அந்த இடம் மின்சார சில்வராடோவுக்கும் சியராவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது.

மின்சார டிரக் தயாரிப்பு முதலில் 2025க்கும் பின்னர் 2026க்கும் தள்ளிப்போனது. 2025 ஜூன் மாதம், அங்கு பெட்ரோலில் ஓடும் பெரிய வண்டிகள் தயாராகும் என்று நிறுவனம் அறிவித்தது. விற்றுக்கொண்டிருந்த சிறிய மின்சார கார் பெரிய மின்சார டிரக்குக்காக வெளியேற்றப்பட்டது. அந்த டிரக் வராமலே அவ்விடம் பெட்ரோல் டிரக்குக்குப் போனது. பின்னர் அதே போல்ட் வேறொரு தொழிற்சாலையில், 2027 மாதிரியாக, மலிவான பேட்டரியுடன் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

சுவருக்கு வெளியே

இதே ஆண்டுகளில் மின்சார வாகனத்தின் உண்மையான போட்டி வேறு இடத்தில் நடந்தது. 2023 இல் உலகிலேயே அதிகம் விற்ற கார், பெட்ரோல் கார்களையும் சேர்த்து, டெஸ்லா மாடல் ஒய். அதே ஆண்டு சீனாவின் பிஒய்டி நிறுவனம் சீகல் என்ற சிறிய மின்சார காரை 73,800 யுவான் தொடக்க விலையில் வெளியிட்டது. இது சுமார் 10,000 டாலர். அதன் பேட்டரி 30 அல்லது 38 கிலோவாட் மணி அளவுடையது. 1995 இல் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கிய பிஒய்டி, 2025 இல் முழு மின்சார கார் விற்பனையில் டெஸ்லாவை முந்தியது.

சீன மின்சார கார்களுக்கான அமெரிக்க வரி 2024 இல் 25லிருந்து 100 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அரசு மானியம் பெற்ற போட்டியாளரிடமிருந்து உள்நாட்டு வேலைவாய்ப்பைக் காப்பது இதன் நோக்கம். அந்நோக்கத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் வரிச் சுவர் நிறுவனங்களுக்குக் காலத்தை மட்டுமே வாங்கித் தரும். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சுவர் தந்த காலத்தில் டெட்ராய்ட் நிறுவனங்கள் பெரிய டிரக்குகளில் வல்லமை பெற்றன, சிறிய வண்டிகளில் வல்லமை இழந்தன.

எதிர்வாதங்கள்

இலாபம் எங்கிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவது இயல்புதானே என்று நிறுவனங்களின் தரப்பில் கேட்கலாம். புதிய தொழில்நுட்பம் முதலில் விலையுயர்ந்த பொருளில் அறிமுகமாவது வழக்கம். டெஸ்லாவும் விலையுயர்ந்த கார்களிலிருந்தே தொடங்கியது. இவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் டெஸ்லாவின் முதல் கார்கள் காற்றைக் கிழிக்கும் வடிவமுடையவை. மின்சாரத்தின் பலத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. முழு அளவு டிரக்கின் விலை மட்டுமே மின்சாரத்துக்குச் சாதகமாக இருந்தது.

கொள்கை மாற்றங்கள்தான் காரணம் என்பது மற்றொரு வாதம். மின்சார வாகனத்துக்கான 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30 உடன் முடிந்தது. எரிபொருள் சிக்கன விதியை மீறுவோருக்கான அபராதமும் அவ்வாண்டு பூச்சியமாக்கப்பட்டது. இவை விற்பனையைப் பாதித்தன என்பது உண்மை. ஆனால் லைட்னிங்கின் உற்பத்திக் குறைப்பும் ஓரியன் திட்டத்தின் தாமதமும் அதற்கு முன்பே நடந்துவிட்டன. மேலும், 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரிச்சலுகை பெறும் காரின் விலை உச்சவரம்பு 55,000 டாலர். பிக்கப்புகளுக்கோ 80,000 டாலர். அரசின் சலுகையும் பெரிய வண்டியின் பக்கமே சாய்ந்திருந்தது.

பின்வாங்கலும் திருத்தமும்

ஸ்டெல்லாண்டிஸ் தன் முழு மின்சார ராம் டிரக்கை 2025 செப்டம்பரில் கைவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஃபோர்டு, முழு மின்சார லைட்னிங்கின் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மின்சார வாகனத் திட்டங்களை மாற்றியமைப்பதற்கான செலவு 1,950 கோடி டாலர் என்றும் கூறியது. இரு நிறுவனங்களும் இப்போது சக்கரங்களை மின்மோட்டார் சுழற்ற, பெட்ரோல் எஞ்சின் மின்னாக்கியாக மட்டும் இயங்கும் வகை டிரக்குகளை முன்வைக்கின்றன. கனமான இழுவைக்குப் பேட்டரி மட்டும் போதாது என்பதன் ஒப்புதல் இது.

இன்னொரு திருத்தம் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. சுமார் 30,000 டாலர் விலையில் நடுத்தர அளவு மின்சார பிக்கப் ஒன்றை 2027 இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் தொழிற்சாலையிலிருந்து வெளியிடப்போவதாக ஃபோர்டு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. குறைந்த பாகங்கள், மலிவான இரும்பு-பாஸ்பேட் பேட்டரி, காற்றெதிர்ப்பைக் குறைக்கும் வடிவம் ஆகியவை அதன் அடிப்படை. இழுவைத் திறன் அங்கு முதல் இடத்தில் இல்லை.

மதிப்பீடு

முழு அளவு டிரக்கில் டெட்ராய்ட் நிறுவனங்கள் பெற்ற திறமை உண்மையானது. மின்சார மாற்றத்துக்கான பணமும் அந்த இலாபத்திலிருந்தே வந்தது. ஆனால் அதே இலாபம், எந்த வண்டியை முதலில் மின்சாரமாக்குவது என்ற முடிவையும் கெடுத்தது. இதன் விளைவை நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்திவிட முடியாது. அமெரிக்காவில் பசுமைக்குடில் வளிகளை மிகுதியாக வெளியிடும் துறை போக்குவரத்து. 25,000 டாலருக்கு ஒரு புதிய மின்சார கார் தேடும் குடும்பத்துக்கு அங்கு கிடைக்கும் தெரிவுகள் மிகச் சில. மின்சார டிரக்கை நம்பி வேலைக்கு மாறிய தொழிலாளர்கள் மீண்டும் மாற வேண்டியிருந்தது. லூயிவில் திட்டம் சொன்ன விலையில், சொன்ன காலத்தில் நிறைவேறினால் பழைய அளவுகோல் மாறத் தொடங்கியது எனலாம். அதன் விலையும் லைட்னிங்கின் விலையைப் போல உயர்ந்தால், எதுவும் மாறவில்லை என்றே கொள்ள வேண்டும்.